சேரப்பணஞ்சேரி பாஞ்சாலி உறுப்பினரான கதை

பாஞ்சாலி மன்ற உறுப்பினர் ஆகப்போகிறாள் என்ற சேதி சேரப்பணஞ்சேரியில் பரவிய அன்று, எந்தக் கட்சியில் சீட்டுக் கொடுத்தார்கள் என்று விசாரிக்க அவள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஒருவர் கையோடு சால்வையே வாங்கி வந்துவிட்டார். மன்றம் என்றால் ஊராட்சி மன்றம், உறுப்பினர் என்றால் வார்டு உறுப்பினர். நம் ஜனங்களுக்கு அதைத் தாண்டி யோசிக்க நேரம் ஏது?

"கட்சியும் இல்ல, கொடியும் இல்லபா," என்று இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே சொன்னாள் பாஞ்சாலி. "கரண்டு பிரச்சினைய விசாரிக்கிற மன்றம். காஞ்சிபுரத்துல கீது. இன்னும் ஒண்ணும் முடிவாகல. அந்தச் சால்வைய எடுத்துனு போய் உன் பொண்டாட்டிக்குப் போத்து."

அவள் வாய் அப்படித்தான். ஒரகடத்துக் கம்பெனிகளில் லைனில் நிற்கிற பெண்பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். படப்பைச் சாலையில் இருக்கும் லேடீஸ் ஹாஸ்டல்களுக்கு ஷிப்ட் தவறாமல் அவள் மெஸ்ஸிலிருந்துதான் சாப்பாடு போகும். உப்புக் குறைந்தது என்று எந்தப் பெண்ணாவது மூக்கைச் சுளித்தால் "உங்கம்மா வூட்ல போய் துன்னு" என்று விரட்டிவிட்டு, அடுத்த வேளை அதே பெண்ணின் டப்பாவில் ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்து அனுப்புவாள். புருஷன் தணிகாசலம் கம்பெனி வேன் ஓட்டுகிறார். வீட்டில் இரண்டு பேர் பேசவேண்டியதை பாஞ்சாலி ஒருத்தியே பேசிவிடுவதால், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிற மனுஷர்.

அந்த மன்றத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கோ கடைக்கோ வரும் மின்சாரத்தில் குறை இருந்து, ஆபீசில் சொல்லியும் தீராமல் போனால், போய் முறையிட ஓர் இடம் இருக்கிறது. மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் என்று பெயர். பெயர்தான் நீளம், உள்ளே இருப்பது மூன்றே நாற்காலிகள். நடுவில் தலைவர், மின்வாரியத்துப் பெரிய பொறியாளர். ஒரு பக்கம் சட்டம் படித்த ஒருவர். இன்னொரு பக்கம் நம்மைப் போல பில் கட்டுகிற ஜனங்களில் ஒருவர். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது கலெக்டர். கரண்ட் கொடுக்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்து கரண்ட் வாங்குகிறவர்களின் குறையைக் கேட்டால், எவ்வளவு நேர்மையாகக் கேட்டாலும் ஊர் நம்பாது. அதனால்தான் அந்த மூன்றாவது நாற்காலி.

பாஞ்சாலி அந்த நாற்காலியை முதன்முதலில் பார்த்தது எதிர்ப்பக்கத்திலிருந்து.

சில வருஷங்களுக்கு முன்பு அவள் தெருவில் பொழுது சாய்ந்தால் வோல்டேஜும் சாய்ந்துவிடும். புதிதாக மனை போட்டு வீடுகள் வந்தன, ஹாஸ்டல்கள் வந்தன, எல்லாமே ஒரே லைனில் தொங்கின. மறுநாளுக்கு மாவு அரைக்கும் நேரத்தில் கிரைண்டர் முனகும், புகையும், மோட்டார் கருகும். கருகியதைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருக்கும் வனமாமலையின் ஷெட்டுக்கு ஓடுவாள்.

வனமாமலை நாங்குநேரிப் பக்கத்துக்காரன். கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் ஆளாக வந்தவன், காண்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப மனம் வராமல், ஒரு பழைய லேத் மெஷினை வாங்கிப் போட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையும் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை. மூன்று வேளையும் பாஞ்சாலி கைச்சாப்பாடு. மற்ற வேலையெல்லாம் ஓரம் போகும், அவள் கிரைண்டரைத்தான் முதலில் எடுப்பான். ஹாஸ்டல் பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்பான்.

மறுபடியும் மோட்டார் கருகிய ஒரு நாள் அவன்தான் சொன்னான்.

"யக்கா, நான் எத்தன தடவ காயில் கட்டினாலும் இது எரியத்தான் செய்யும். கோளாறு மோட்டார்ல இல்ல, வாற கரண்டுல. காஞ்சிபுரத்துல மன்றம்னு ஒண்ணு இருக்குதாம். அங்க போய்ச் சொல்லுங்க."

பாஞ்சாலிக்கு ஆபீஸ் என்றாலே கால்வலி. வல்லம் வடகாலில் அவள் அப்பாவுடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போன காலத்தில் அவள் ஏறாத படி இல்லை. அத்தனை ஆபீசிலும் நின்றாள். நின்றுகொண்டே காகிதத்தை நீட்டுவாள், நின்றுகொண்டே வாங்கிக்கொள்வாள். ஆபீஸ் என்பது நிற்கிற இடம் என்று அவள் உடம்பே படித்து வைத்திருந்தது. மன்றத்திலும் அப்படியே கைகட்டி நின்றாள்.

மூன்றாவது நாற்காலியில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஸ்ரீபெரும்புதூர் ஜெயலக்ஷ்மி. கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஏம்மா நிக்கறேள்? அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுண்டு உக்காருங்கோ. மொதல்ல தண்ணி குடிங்கோ. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை, நிதானமா சொல்லுங்கோ."

பாஞ்சாலி உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். சொன்னாள். எந்த ஷிப்ட் முடிந்து பெண்கள் வந்தால் வெளிச்சம் மங்குகிறது, எந்த வீட்டில் ஏசி போட்டால் கிரைண்டர் முனகுகிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். தலைவரும் கேட்டுக்கொண்டார், ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவள் தெருவுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை கிரைண்டர் கருகவில்லை. ஆனால் அவள் ஊர் பூராவும் சொல்லிச் சொல்லி மாய்ந்தது டிரான்ஸ்பார்மரைப் பற்றி அல்ல. "உக்காருன்னு சொன்னாங்கபா, தண்ணி குடுத்தாங்கபா" என்பதைத்தான்.

அந்த நன்றி உள்ளே கிடந்து குறுகுறுத்ததில், இடித்து வைத்த இட்லிப் பொடியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கே போனாள். ஜெயலக்ஷ்மி அம்மாள் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். டப்பாவை மட்டும் தொடவில்லை.

"தப்பா நினைச்சுக்காதே பாஞ்சாலி. அந்த நாற்காலியிலே இருக்கற வரைக்கும் நான் ஒரு வெத்தலை கூட வாங்கப்படாது."

பாஞ்சாலிக்கு முகம் சுண்டிவிட்டது. பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. புரிந்தபின் அந்த அம்மாள் மேல் மரியாதை இன்னும் கூடியது.

அதற்குப்பிறகு பாஞ்சாலிக்கு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. கம்பம் சாய்ந்தவன், மீட்டர் ஓடாதவன் என்று எவன் வந்தாலும் படப்பையில் இருக்கும் நுகர்வோர் சங்கத்துக்குக் கூட்டிப் போவாள். மனு எழுத வைத்து மன்றம் வரைக்கும் துணைக்குப் போவாள். ஹாஸ்டல் பிள்ளைகள் 'கரண்டு அக்கா' என்று பெயர் வைத்தார்கள். சங்கத்தில் அவளைச் செயலாளராகவே ஆக்கிவிட்டார்கள்.

ஒருநாள் ஜெயலக்ஷ்மி அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"பாஞ்சாலி, அந்த இட்லிப் பொடி இருக்கா? இப்ப கொண்டு வா, வாங்கிக்கறேன்."

தன் பதவிக்காலம் முடிந்துவிட்டது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். பாஞ்சாலி பொடியோடு போனாள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த கையோடு அவர் விஷயத்துக்கு வந்தார். கலெக்டர் ஆபீசிலிருந்து நுகர்வோர் சங்கங்களிடம் பேர் கேட்டிருக்கிறார்கள், படப்பைச் சங்கம் பாஞ்சாலி பேரைக் கொடுக்கட்டும் என்றார்.

"நான் பத்தாவதும்மா. இட்லி சுடுறவ."

"சட்டத்துக்கு ஒருத்தர் இருக்கார், கம்பிக்கு ஒருத்தர் இருக்கார். ஜனங்க பக்கத்துலேர்ந்து வந்து கேக்கறவா ஒருத்தர் வேணும். நீ ரெண்டு பக்கமும் உக்காந்தவளா இருப்பே. நான் ஒரு பக்கம்தான் உக்காந்தேன்."

பேர் போனது. பேர் போனால் உடனே நாற்காலி வந்துவிடுமா? நம் நாட்டில் ஒருவரை உட்கார வைப்பதற்கு முன் நாலு பேர் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். சங்கம் பதிவான சங்கம்தானா என்று ஒரு கேள்வி. ஆள் மேல் வழக்கு உண்டா என்று ஒரு கேள்வி. மின்வாரியத்தில் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறாளா, வீட்டுக்காரர் எடுத்திருக்கிறாரா, மன்றத்தில் நிலுவையில் இருக்கும் மனுக்களில் அவளுக்குச் சம்பந்தம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ஊரில் விசாரித்துச் சொல்ல வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., வருவார். கடைசியில் கலெக்டர் ஆபீசில் நேர்காணல். பெண் பார்க்க வருகிறவர்கள் கூட இவ்வளவு தோண்டமாட்டார்கள் என்று தணிகாசலம் முணுமுணுத்தார். தோண்டட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோண்டாமல் உட்கார வைத்த நாற்காலிகளைப் பார்த்து அலுத்துப்போயிருக்கிறோம்.

சிக்கல் வனமாமலையிடம் இருந்து வந்தது. அவன் இரண்டாவதாக ஒரு மெஷின் வாங்கியிருந்தான். அதை ஓட்ட அவனுக்கு வரும் மின்சாரம் போதாது, கூடுதல் லோடு வேண்டும். அதற்குப் புது டிரான்ஸ்பார்மர் வேண்டும். வைக்க இடம் பார்த்தால், பக்கத்தில் மனை போட்டவர்கள் தங்கள் அலங்கார வளைவுக்கு முன்னால் வைக்கக்கூடாது என்று தகராறு. மெஷின் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மாசக்கணக்கில் தூங்கியது. கம்பெனிக்காரன் ஆர்டர் தரத் தயார், மெஷின் ஓடினால்தான் தருவான். பாஞ்சாலிதான் அவனையும் கூட்டிப் போய் மன்றத்தில் மனு போட வைத்தாள். அது பேர் கேட்பதற்கு முந்தைய கதை. இப்போது அந்த மனு அங்கே காத்துக்கிடக்கிறது, இவளோ அங்கேயே விசாரிக்கப் போகிறவள்.

வனமாமலை அவளுக்கு என்ன உறவு? ரத்தம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. சாதி சனம் எதுவும் ஒட்டாது. ஆனால் ரஞ்சனியின் கல்யாணத்தில் நடந்ததைச் சேரப்பணஞ்சேரியே பார்த்தது.

ரஞ்சனி பாஞ்சாலியின் ஒரே மகள். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் தாய்மாமன் மணையேறி, பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டவேண்டும். பளபளவென்று ஒரு பட்டை, அதில் நூல். மாமன் கை பட்ட பிறகுதான் மற்றவர்கள் கட்டலாம். பாஞ்சாலிக்கு உடன்பிறந்தவன் இல்லை. முறைக்கு நிற்கவேண்டிய சித்தப்பா மகன் நிலத் தகராறில் முறைத்துக்கொண்டு மண்டபத்துக்கே வரவில்லை. "தாய்மாமன் வாங்கோ" என்று ஐயர் கூப்பிடுகிறார், ஆள் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்குக் கரண்டும் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ண, வனமாமலை பின்பக்கத்தில் குனிந்து அதைக் குடைந்துகொண்டிருக்கிறான். பாஞ்சாலி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கேயே போனாள்.

"தம்பி, மேல வா."

"இரிங்கக்கா, இன்னும் ஸ்டார்ட் ஆகல."

"அத வுடு. எம் பொண்ணுக்கு மாமன் நீதான். கைய கழுவிக்கினு வா."

கழுவினான். எவ்வளவு கழுவினாலும் லேத்துக்காரன் கட்டைவிரல் ரேகையில் கிரீஸ் போகுமா? பட்டத்தின் ஓரத்தில் கருப்பாய் ஒரு தீற்று விழுந்தது. கல்யாண ஆல்பத்தில் இன்றும் தெரியும். கட்டி முடித்தவன் அழுததும் தெரியும். அதற்குப் பிறகு ரஞ்சனிக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமன் வரிசை வனமாமலை தட்டில்தான் வருகிறது.

இப்படி இருக்கையில்தான் ஆர்.ஐ. ராஜசேகர் விசாரணைக்கு வந்தார். நல்ல பையன், பணிவாகப் பேசுகிறவர். டீக்கடையில் விசாரித்தார், சங்கத்தில் விசாரித்தார், மன்றத்தில் மனு போட்டிருக்கும் உள்ளூர்க்காரன் என்று வனமாமலையின் ஷெட்டுக்கும் போனார்.

"இந்த பாஞ்சாலி அம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

வனமாமலை நிமிரவே இல்லை. "யாருமில்ல சார். மெஸ்ல சாப்பாடு வாங்குதேன், அவ்வளவுதான்."

இதைச் சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த மண்தான். வல்லம் வடகாலிலும் சுற்றுப்பக்கத்திலும் நிலம் எடுத்த காலத்தில் வருவாய்த்துறை ஆள் வந்து "இவர் உங்களுக்கு யார், அவர் யார்" என்று கேட்பார். வாய்தவறி ஓர் ஒன்றுவிட்ட பெரியப்பா பேரைச் சொல்லிவிட்டால் தொலைந்தது. அவர் கையெழுத்து, அவர் பிள்ளைகள் கையெழுத்து, வெளியூரில் இருக்கும் மருமகள் கையெழுத்து என்று வாரிசுச் சான்று இழுத்துக்கொண்டே போகும். கோப்பு படுத்துவிடும். பட்டுப் பட்டு ஜனங்கள் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். வருவாய்த்துறைக்காரர் உறவு கேட்டால் ஒரே பதில்: யாருமில்லை. இங்கே வந்து குடியேறிய வனமாமலைக்கு இந்தப் பாடத்தைச் சொன்னவளே பாஞ்சாலிதான். உறவு என்று சொன்னால் அக்காவுக்கு நாற்காலி போய்விடும் என்று நினைத்து, அவள் சொன்னதை அவளுக்கே செய்து காட்டிவிட்டான்.

அவன் சொன்ன சேதி டீக்கடை வழியாக வந்தபோது பாஞ்சாலி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்கமுடியாத வேலை.

அன்றைக்கு ஷெட்டுக்குப் போன சாப்பாட்டில் குழம்பு இல்லை. வனமாமலை டப்பாவோடு வந்து வாசலில் நின்றான்.

"யக்கா, குழம்பு..."

"மெஸ்ல சாப்பாடு வாங்குற ஆளுக்கு இன்னா குழம்பு? யாருமில்லன்னு சொன்ன இல்ல?"

"உங்களுக்காவத்தான சொன்னேன். நாளைக்கு யாராவது, தம்பி கேசுன்னு அக்கா பாத்துச் செஞ்சிட்டான்னு பேசுவாவ. ஒரு வார்த்த தானக்கா. சொன்னா என்ன கொறஞ்சா போவுது?"

பாஞ்சாலி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். உள்ளே போய்க் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேர்காணலுக்குக் காஞ்சிபுரம் போன பஸ்ஸில் வாலாஜாபாத் வரைக்கும் தணிகாசலம் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதுவும் ஆரம்பிக்காத. ஆர்.ஐ. நல்லபடியா எழுதிட்டாராம். நீ வாயத் தொறக்காம இருந்தா போதும், வேல முடிஞ்சது." வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அந்த ஒரு பஸ் பயணத்தில் செலவழித்தார். பாஞ்சாலி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேர்காணல் அறையில் நடுவில் இருந்த அதிகாரி ஒரு பெண். அமைதியான முகம். சங்கத்தைப் பற்றிக் கேட்டார், மனுக்களைப் பற்றிக் கேட்டார். பாஞ்சாலி தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் அந்த அம்மாள் விசாரணை அறிக்கையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க உறவுக்காரங்க யாராவது இப்ப மன்றத்துல மனு போட்டிருக்காங்களா? இல்லைன்னு அறிக்கையில இருக்கு. நீங்களும் ஒரு தடவை சொல்லணும்."

'இல்ல' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு தலையாட்டல் போதும். இந்த நாற்காலியை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். யாராவது கைகட்டிக்கொண்டு வந்து நிற்கவேண்டும், அவர்களிடம் தன் வாயால் "உக்காருமா" என்று சொல்லவேண்டும் என்று வெளியே சொல்லாமல் வளர்த்த ஆசை. ஆனால் அந்தக் கிரீஸ் தீற்று கண்முன்னால் வந்து நின்றது. இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ரஞ்சனி முகத்தில் எப்படி விழிப்பது?

"இருக்கான் மேடம். வனமாமலைன்னு எந்தம்பி. லேத்து ஷெட்டுக்கு லோடு கேட்டு மனு போட்டிருக்கான்."

அதிகாரி அறிக்கையைப் பார்த்தார். "அவர் யாருமில்லைன்னு சொல்லியிருக்காரே."

"அவன் சொல்லுவான் மேடம். எனக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கினு சொல்லிட்டான். கூடப் பொறக்கல, சாதியும் வேற. ஆனா எம் பொண்ணுக்குப் பட்டம் கட்டினவன் அவன்தான். அன்னிக்கு மணையில மாமன்னு கூப்ட்டு நிக்க வெச்சிட்டு, இன்னிக்கு நாற்காலிக்காக யாருமில்லன்னு சொன்னா, அந்தக் கல்யாணமே பொய்யாப் பூடும்."

அந்த அம்மாள் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். "சரிம்மா, நீங்க போகலாம்" என்றார்.

பாஞ்சாலி வெளியே வந்து தணிகாசலத்திடம் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். சில சமயம் பேசாத புருஷனும் வரம்தான்.

ஊரில் வனமாமலைதான் குதித்தான்.

"ஏன்க்கா இப்படிக் கெடுத்தீக? நான் ஒரு பொய் சொல்லி நேராக்கி வச்சிருந்தேன். மனுவ நான் வாபஸ் வாங்கிருதேன். மெஷின் கிடந்தா கிடக்கட்டும்."

"வாங்கிப் பாரு. அப்பால இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

நாற்காலி போய்விட்டது என்றே இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். பாஞ்சாலி வழக்கம்போல மாவரைத்தாள், பெண்பிள்ளைகளை விரட்டினாள். போன் அடித்தால் மட்டும் கை ஒரு நொடி நிற்கும். அப்படி நின்ற ஒரு நொடியில்தான் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. கலெக்டர் அவளை நியமித்துவிட்டார். ஆணை வந்துவிட்டது.

நம்பாமல் அவள் ஜெயலக்ஷ்மி அம்மாளுக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார்.

"அசடே, உறவு இருந்தா நாற்காலி கிடையாதுன்னு யார் சொன்னா? உறவு இல்லாத மனுஷா எங்கே இருக்கா? அந்த ஒரு கேஸ் வர்றச்சே எழுந்து வெளியிலே போயிடணும், மத்த ரெண்டு பேரும் விசாரிப்பா. மறைச்சாத்தான் தப்பு. நீ மறைச்சு உக்காந்திருந்தா, பின்னால யாராவது கிளப்பி, உன் தம்பி ஜெயிச்ச கேஸ் கூடச் செல்லாமப் போயிருக்கும். நீ ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கே."

பாஞ்சாலி போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உட்காரச் சொன்ன அந்த அம்மாளுக்கா, போகலாம் என்று சொல்லிவிட்டுச் சரியாக எழுதிய அதிகாரிக்கா, ஜெனரேட்டரைப் பாதியில் விட்டுவிட்டு மணையேறியவனுக்கா? எல்லோருக்குமாகச் சேர்த்து அன்று ஹாஸ்டலுக்கு வடை போனது. என்ன விசேஷம் என்று பெண்பிள்ளைகள் கேட்டார்கள். "வாய மூடிக்கினு துன்னுங்கடி" என்று பதில் வந்தது.

முதல் அமர்வுக்கு ரஞ்சனி எடுத்துக்கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அதே அறை. தலைவர் எழுந்து வணக்கம் சொல்லி மூன்றாவது நாற்காலியைக் காட்டினார். முதல் மனுதாரராக ஒரு பெரியவர் வந்து கைகட்டி நின்றார். பாஞ்சாலி காத்துக்கொண்டிருந்த வாய்ப்பு.

"உக்காருங்க பெரியவரே. தண்ணி குடிங்க மொதல்ல."

அவர் உட்கார்ந்தார். பாஞ்சாலி முன்னால் சாய்ந்து அவர் சொல்வதைக் கேட்டாள்.

அடுத்து உதவியாளர் பெயரைப் படித்தார். "வனமாமலை, சேரப்பணஞ்சேரி."

தலைவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பாஞ்சாலி எழுந்துவிட்டாள். "இந்தக் கேஸுக்கு நான் இருக்கக்கூடாது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். வாசலில் வனமாமலை சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தான். அவன் உள்ளே போக, இவள் வெளியே வந்தாள். வராந்தாவில் அன்று மனுதாரராகக் காத்திருந்த அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மனை வளைவுக்கு எதிர்ப்புறம், வாய்க்கால் ஓரத்தில் டிரான்ஸ்பார்மர் வைக்க உத்தரவாயிற்று. வைத்தும் விட்டார்கள். இரண்டாவது மெஷின் இப்போது ஓடுகிறது. அந்த உத்தரவை எழுதியவர்கள் மற்ற இரண்டு பேர், பாஞ்சாலியின் கை அதில் படவில்லை.

ஆனால் யாரிடம் பேசினாலும் அவள் சொல்வது அதை அல்ல. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தலைவர் கேட்பது கேட்டது.

"உறுப்பினர் எழுந்து போறாங்களே, காரணத்தைப் பதிவு பண்ணணும். அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

பாஞ்சாலி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு வனமாமலை சொன்னான், வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னான்.

"எங்க அக்கா, சார்."